நாற்காலிக்குக் கீழே கொட்டிய மாவு

எங்கள் அலுவலகத்தைக் காலையில் பெருக்க வரும் அக்கா ஒரு நாள் துடைப்பத்தை என் மேசையோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எல்லார் நாற்காலிக்குக் கீழயும் பேப்பர் குப்பைதான் கிடக்கு. உங்க நாற்காலிக்குக் கீழ மட்டும் தெனமும் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கே, அப்படி என்னதான் சாப்புடுறீங்க?" கேட்டதில் கேலி எதுவும் இல்லை. பொரி, முறுக்கு என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். நானும் "ரஸ்க்குக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் வெட்கமாகப் போய்விட்டது. கீழே கிடந்தது ரஸ்க் இல்லை, நான். முழங்கை, முன்கை, முதுகு என்று மூன்று இடங்களிலிருந்து உதிர்ந்த நான்.

சொரியாசிஸ் எனக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அது எப்படி இருக்கும் என்று இங்கே விளக்கப் போவதில்லை. வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது உள்ள ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். ஒட்டாது, தொற்றாது என்பதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வழக்கமாக முடிவெட்டும் கடையில் "நீங்களே ஒரு துண்டு கொண்டாந்துருங்க சார்" என்றபோது சொல்லிப் பார்த்தேன். அடுத்த மாதம் துண்டோடுதான் போனேன். இத்தனை வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது வேறு விஷயம். முதன்முதலில் பார்த்த தோல் டாக்டர், வெளியே நாற்பது பேர் காத்திருந்த ஒரு மாலையில், சீட்டு எழுதிக்கொண்டே சொன்ன ஒரு வரி: "28 நாள்ல வளர வேண்டிய தோல் உங்களுக்கு நாலு நாள்ல வளருது, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்கு ஜீரணமாகவில்லை. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். ஒரு கம்பெனியின் செலவு ஒரே வருடத்தில் ஏழு மடங்கு ஏறியிருந்தால் 'ஏறியிருக்கு, அவ்வளவுதான்' என்று எழுதி ஃபைலை மூட முடியுமா? யார் உத்தரவு கொடுத்தது, வவுச்சர் எங்கே என்று கேட்பதுதான் என் பிழைப்பே. என் தோலின் கணக்கை மட்டும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஏழு மடங்கு என்பதே குறைத்துச் சொன்ன கணக்கு என்று பிற்பாடு தெரிந்தது. 28 நாள், நாலு நாள் என்பது ஒரு செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர்வதற்கான பயண நேரம் மட்டும். எத்தனை செல் உற்பத்தியாகிறது என்பது தனிக் கணக்கு. அமெரிக்காவில் ஜெரால்ட் வைன்ஸ்டைன் என்ற தோல் மருத்துவரின் குழு 1985இல் அதைப் போட்டுக் காட்டியது. சாதாரணத் தோலில் ஒரு செல் ஒரு முறை பிரிந்து மறுமுறை பிரிய 311 மணி நேரம் எடுக்கிறது. சொரியாசிஸ் படையில் 36 மணி. சாதாரணத் தோலில் பிரியக்கூடிய செல்களில் 60 விழுக்காடுதான் ஒரே சமயத்தில் வேலையில் இருக்கும், மற்றவை ஓய்வில். படையில் நூற்றுக்கு நூறும் வேலையில். போதாக்குறைக்கு, பிரியக்கூடிய செல்களின் எண்ணிக்கையே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்றையும் கால்குலேட்டரில் பெருக்கினேன். 28 மடங்கை ஒட்டி வந்தது. இந்த 28 என்ற எண் என்னை விடுவதாக இல்லை. மூன்று ஷிஃப்ட், விடுமுறை கிடையாது, ஆள்பலம் இரட்டிப்பு. இவ்வளவும் யாரும் உத்தரவு போடாமல் நடக்காது.

சாவதற்கும் நாள் வேண்டும்

தோல் வளர்கிறது என்று சும்மா சொல்லிவிடுகிறோம். உண்மையில் நல்ல தோல் என்பது ஒழுங்காகச் செத்த தோல். மேல்தோலின் அடியில் ஒரே வரிசையாகக் கெரட்டினோசைட் செல்கள் நிற்கின்றன. பிரிந்து பெருகும் உரிமை பெரும்பாலும் அந்த வரிசைக்கு மட்டும்தான். பிரிந்த பிறகு மேலே கிளம்புகிற செல் தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. கீழே இருந்தவரை கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இழைகளைச் செய்துகொண்டிருந்தது, படியேறியதும் அவற்றை விட்டுவிட்டு 1, 10 என்ற முரட்டு இழைகளைச் செய்ய ஆரம்பிக்கிறது. இன்னும் மேலே போனால் உள்ளுக்குள் மணிமணியாக ஒரு புரதம் சேர்கிறது. அதிலிருந்து வரும் ஃபிலாக்ரின் அந்த இழைகளைக் கட்டுக்கட்டாக இறுக்குகிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி விளிம்பிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பின்னி ஓடு கட்டுகிறது. கொழுப்பு வெளியே தள்ளப்பட்டு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுண்ணாம்புப் பூச்சு மாதிரி நிரம்புகிறது. எல்லாம் முடிந்த பிறகு உட்கரு கலைக்கப்படுகிறது. அதிலுள்ள டி.என்.ஏ துண்டு துண்டாக வெட்டி அகற்றப்படுகிறது. செல் தன் ஜாதகத்தையே கிழித்துப் போட்டுவிட்டு வெறும் செங்கலாகிறது. இங்கே வந்து சேர சுமார் இரண்டு வாரம். அதன்பின் இன்னொரு இரண்டு வாரம் நம் மேல் காவலுக்கு நின்றுவிட்டு, கண்ணுக்கே தெரியாத பொடியாக உதிர்ந்து போகிறது.

நாலு நாளில் இதெல்லாம் நடக்காது. ரூஃப் கான்கிரீட் போட்ட மூன்றாம் நாளே சென்ட்ரிங் பலகையைப் பிரித்துவிட்டு அதன்மேல் அடுத்த மாடியை எழுப்பினால் என்ன ஆகும்? அப்படித்தான். மணிகள் சேரும் அடுக்கே காணாமல் போகிறது, பூச்சு பிடிப்பதில்லை, செங்கல் வேகாமலேயே சுவரில் ஏறிவிடுகிறது. ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டு வெள்ளி நிறத்தில் தகடாக உரிகிறது. இதையெல்லாம் நான் வாசித்துத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் வாசித்தது ஒன்று, பார்த்தது வேறொன்று.

ஸ்லைடு

பார்க்க நேர்ந்ததற்கு என் முட்டாள்தனம்தான் காரணம். நடுவில் ஒரு வருடம் டாக்டரிடம் போவதை விட்டுவிட்டு, மருந்துக் கடையில் 'படைக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தேன். அந்தக் களிம்புகளில் பலவற்றில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று கதம்பமாக இருக்கும். பூசினால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காகக் கிளம்பும். கடைசியில் பார்த்த டாக்டருக்கே இது சொரியாசிஸா பூஞ்சையா என்று சந்தேகம் வந்து, முன்கையில் 4 மில்லிமீட்டர் வட்டமாக ஒரு துண்டை எடுத்து பயாப்சிக்கு அனுப்பச் சொன்னார். ரிசல்ட்டில் பூஞ்சை இல்லை, சொரியாசிஸ்தான் என்று வந்தது. அதோடு விட்டிருப்பேன். ஆனால் என் சித்தி மகள் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். "ஸ்லைடைக் கேட்டு வாங்கிட்டு வாங்கண்ணே, தருவாங்க. உங்க தோலை நீங்களே பாக்க வேணாமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் அவளும் நானும் ஃப்ரிட்ஜின் உறுமலும்தான். அவள் கண்ணாடித் தகட்டை மேடையில் பொருத்தி, விளக்கைக் கூட்டிக் குறைத்து, "ஒரு கண்ணை மூடாதீங்கண்ணே, ரெண்டையும் திறந்து வச்சுப் பாருங்க" என்றாள். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. அப்புறம் ரோஸும் ஊதாவுமாக ஒரு நிலம் விரிந்தது. தோலின் குறுக்குவெட்டு என்றால் நேராக அடுக்கிய கேக் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேல்தோல் ஊதா விரல்களாகக் கீழ்நோக்கி நீண்டு தொங்கியது, கடைவாய்ப் பல்லின் வேர்கள் மாதிரி. விரல்களுக்கு இடையே நூல்நூலாக ரத்தக்குழாய்கள் வளைந்து நெளிந்து கிட்டத்தட்ட மேற்பரப்பு வரைக்கும் ஏறியிருந்தன. செதிலைப் பிய்த்தால் ஊசிமுனை ரத்தம் துளிர்க்குமே, அதன் விலாசம் அது. அத்தனைக்கும் மேலே ரோஸ் நிறத்தில் தடிமனான ஒரு கூரை. செதில்.

அந்த ரோஸ் கூரைக்குள் ஊதா நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. கோலப்பொடி டப்பாவில் விழுந்த சீரகம் மாதிரி. அழுக்கு என்று நினைத்து, "இது என்ன, ஸ்லைடு சரியா துடைக்கலயா?" என்று கேட்டேன்.

"உட்கருண்ணே. இந்த இடத்துல வெறும் ரோஸ் மட்டும்தான் இருக்கணும். இவங்கள சாகக்கூட விடாம மேல தள்ளிட்டாங்க."

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இதற்கு பாராகெரட்டோசிஸ் என்று பெயர், பத்து இடத்தில் வாசித்ததுதான். ஆனால் பதினொரு வருடமாக 'செத்த தோல் உதிருது' என்று சொல்லிப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது முழுதாகச் சாகாத தோல் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு செதிலிலும் கலைக்க நேரமில்லாமல் தூக்கி எறியப்பட்ட உட்கருக்கள். ஓய்வூதியக் கணக்கு முடிக்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆட்கள் மாதிரி. படையின் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அதுவரை என் மனதில் தோல்தான் குற்றவாளி. கட்டுப்பாடில்லாமல் கொழுத்துப் பெருகுகிற ஒன்று.

"அண்ணே, நீங்க மேலயே பாத்துட்டிருக்கீங்க. கீழ இறங்குங்க" என்று அவள் பக்கத்திலிருந்த திருகைத் திருப்பினாள். விரல்களைத் தாண்டி, ரோஸ் நிற நார்களுக்கு நடுவே, ரத்தக்குழாய்களைச் சுற்றி அடர்ந்த ஊதாப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக நின்றன. திருவிழாவில் மேம்பாலத்திலிருந்து பார்த்தால் தலை தலையாகத் தெரியுமே, அப்படி. "லிம்போசைட். ரத்தத்துல வர்ற எதிர்ப்புச் செல். உங்க ஸ்லைடுல எனக்கு முதல்ல கண்ணுல பட்டதே இவங்கதான்." என் கண் தானாக மேலே போயிருக்கிறது, அவள் கண் கீழே.

சொரியாசிஸ் ஆராய்ச்சியின் கதையும் இதுதான் என்று பிறகு வாசிக்க வாசிக்கப் புரிந்தது. பல பத்தாண்டுகள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே பார்த்த காலம்

அப்படிப் பார்த்ததற்கு நியாயம் உண்டு. 1951இல் அமெரிக்காவில் கப்னர் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் மூட்டுவாதக்காரர்களுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சொரியாசிஸும் இருந்தவர்களுக்குப் படை தெளிந்தது. அந்த மருந்தின் அடுத்த வாரிசுதான் நான் ஞாயிறு இரவு விழுங்குகிற மெத்தோட்ரெக்ஸேட். இரண்டுமே லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் நடத்திய குழுவின் வேலை. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் போட்டதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ் கிடைக்காமல் எல்.எம்.எஸ்ஸோடு வெளியேறினார் என்று சொல்வார்கள். 1948இலேயே இறந்துவிட்டார். தன் மருந்து ஒருவரின் செதிலைத் தெளிய வைத்ததை அவர் பார்க்கவில்லை.

செல் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏவைப் பிரதி எடுக்க வேண்டும். பிரதிக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலிக் அமிலத்தின் வேடம் போட்டு நொதியை அடைத்துக்கொள்ளும். ஆக, வேகமாகப் பிரியும் தோல் செல்லை நிறுத்துகிறது, படை தெளிகிறது, ஆகவே நோய் தோல் செல்லில்தான். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! புற்றுநோய் மருந்து என்ற பேரும் சேர்ந்துகொள்ள, சொரியாசிஸ் ஏதோ பெருகும் வெறி பிடித்த செல்லின் நோய் என்றே ஆகிவிட்டது. பின்னால் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, நாங்கள் விழுங்கும் சின்ன அளவுக்குத் தோல் செல்லைவிட லிம்போசைட்டுகள்தான் பலமடங்கு எளிதில் அடங்கின. மருந்து மாடியில் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அது கீழ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. போகிற போக்கில் ஒன்று: இது வாரம் ஒரு நாள் மாத்திரை. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் போட்டு, எலும்பு மஜ்ஜை படுத்துப்போய் உயிரை விட்டவர்கள் உண்டு. என் சீட்டில் டாக்டர் கிழமையை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போடுவார்.

1971இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜான் வூர்ஹீஸும் எலிசபெத் டூயலும் இன்னொரு யோசனையை வைத்தார்கள். செல்லுக்குள் செய்தி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற மூலக்கூறின் ஏற்பாட்டில் குறை, பிரேக் பிடிக்கவில்லை, அதனால்தான் தோல் ஓடுகிறது என்றார்கள். அதைத் தொடர்ந்து பாலிஅமின் அதிகம், அராக்கிடோனிக் அமிலத்தின் வழித்தோன்றல்கள் அதிகம் என்று பட்டியல் நீண்டது. எதுவும் பொய் இல்லை. எரிகிற வீட்டில் வெப்பம் அதிகம், புகை அதிகம், சாம்பல் அதிகம் என்று எழுதிக்கொண்டே போகலாம் அல்லவா, அந்த வகை உண்மை.

கதை திரும்பியது 1979இல், ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில். முல்லர், ஹெர்மன் என்ற இருவர், மூட்டுநோய்க்காக சைக்ளோஸ்போரின் கொடுத்தவர்களுக்குச் சொரியாசிஸும் தெளிந்தது என்று எழுதியிருந்தார்கள். சைக்ளோஸ்போரின் என்பது மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுப்பது. அதன் முக்கிய வேலை டி செல்களை, அதாவது அந்த லிம்போசைட் கூட்டத்தில் பெரும்பான்மையோரை, வாயடைப்பது. இருந்தும் விவாதம் தீரவில்லை. அது தோல் செல்லையும் நேரடியாகத் தொடுகிறதோ என்றார்கள். 1995இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் காட்லீபும் ஜேம்ஸ் க்ரூகரும் ஒரு சோதனை செய்தார்கள். விழித்தெழுந்த டி செல்லின் கதவில் மட்டும் போய் ஒட்டும் ஒரு புரதத்தின் முதுகில் தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சைக் கட்டி அனுப்பினார்கள். தோல் செல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டி செல்கள் செத்தன, படை தெளியத் தொடங்கியது. ஆடிட் மொழியில் சொன்னால், வவுச்சர் கிடைத்துவிட்டது. கையெழுத்து கீழ்வீட்டுக்காரருடையது.

இல்லாத காயம்

இந்த உத்தரவின் வாசகம் இன்றைக்கு ஓரளவு விவரமாகத் தெரியும். தோலில் ரோந்து போகும் டென்ட்ரைட்டிக் செல் இன்டர்லூகின்-23 என்ற செய்தியை வெளியிடுகிறது. அதைக் கேட்ட டி செல் இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-22 என்று இரண்டை அனுப்புகிறது. 22 போய்த் தோல் செல்லில் ஸ்டாட்3 என்ற விசையைத் தட்ட, செல் 'பெருகு, முதிர்வதை அப்புறம் பார்க்கலாம்' என்று எடுத்துக்கொள்கிறது. 17 தோல் செல்லை ஒரு போர்க்கால ஆயுதச் சாலையாக மாற்றுகிறது. அப்போது அந்தச் செல்கள் 1, 10 கெரட்டின்களைக் குறைத்துவிட்டு 6, 16, 17 என்ற வேறு கெரட்டின்களைச் செய்கின்றன. இந்த மூன்றும் சாதாரண முன்கைத் தோலில் தலைகாட்டாதவை. ஆனால் அரிவாள்மணையில் விரல் வெட்டிக்கொண்டால், சில மணி நேரத்தில் காயத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். காயத்தை மூட அவசரமாகச் செல் வேண்டும், பக்குவம் பார்க்க நேரமில்லை, வேகம்தான் முக்கியம். மூடியதும் விசை அணைந்து பழைய கெரட்டின்களே திரும்பிவிடும்.

என் முழங்கையில் காயம் எதுவும் இல்லை. காயம் ஆறுவதற்கான அத்தனை ஏற்பாடும் நடக்கிறது, ஆற வேண்டிய காயம் மட்டும் இல்லை. அதனால் முடிந்தது என்று யாரும் சொல்வதுமில்லை. இதை வாசித்த அன்று அந்த 36 மணி நேரத்தை எனக்கு வேறு மாதிரி பார்க்கத் தோன்றியது. சைரன் கேட்டு ஓடிவந்த தீயணைப்புக்காரனைப் பார்த்து ஏன் இவ்வளவு அவசரம் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உண்மையிலேயே ஒரு சின்னக் காயம் பட்டால் இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர், தன் நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் சொரியாசிஸ் முளைத்ததைக் கவனித்து எழுதினார். எனக்குக் குதிரை இல்லை, மேசை விளிம்பு. லெட்ஜரைப் பார்த்தபடி இடது முழங்கையை நாளெல்லாம் ஊன்றியிருப்பேன். முதல் படை அங்கேதான் வந்தது.

அந்த ஆயுதச் சாலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1997இல் ஜெர்மனியின் கீல் நகரில் யுர்கன் ஹார்டர், யென்ஸ் ஷ்ரோடர் முதலானவர்கள் சொரியாசிஸ்காரர்கள் உதிர்த்த செதில்களைச் சேகரித்து அரைத்துப் பிரித்து, அதிலிருந்து பீட்டா டிஃபென்சின்-2 என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை முதன்முதலாக எடுத்தார்கள். கிராம் கணக்கில் அந்தச் செதில் கிடைக்கிற இடம் எங்களைப் போன்றவர்களின் உடம்புதான். இவ்வளவு வெடித்துப் பிளந்த தோலாக இருந்தும், எக்ஸிமாக்காரர்களுக்கு வருவதுபோல் எங்களுக்கு அடிக்கடி சீழ் பிடிப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இதுதான். நாற்காலிக்குக் கீழே அக்கா பெருக்கியது ஆன்டிபயாடிக் கலந்த மாவு.

முதல் கையெழுத்து

இந்த இடத்தில் ஃபைலை மூடியிருக்கலாம். டி செல் உத்தரவு போட்டது, தோல் கீழ்ப்படிந்தது. இன்டர்லூகின்-17ஐ மட்டும் பிடித்து வைக்கும் செகுகினுமாப் போன்ற ஊசிகளை 2015 முதல் போடுகிறார்கள். பலருக்குத் தோல் கிட்டத்தட்ட முழுதாகத் தெளிகிறது, காணாமல் போன மணி அடுக்கு திரும்புகிறது, கெரட்டின் 16 மறைகிறது. ஒரே ஒரு செய்தியை நிறுத்தினால் இத்தனை வேகமும் அடங்குகிறது என்றால் இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் டி செல்லை எழுப்பியது யார்? எச்.எல்.ஏ-சி 06:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அது டி செல்லுக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற தட்டு. சரி, தட்டில் வைப்பது எதை? தோல் செல் செய்யும் எல்.எல்-37 என்ற இன்னொரு கிருமிக்கொல்லி, செத்த செல்லிலிருந்து சிந்திய நம் டி.என்.ஏவோடு ஒட்டிக்கொண்டால், டென்ட்ரைட்டிக் செல் அதை வைரஸ் என்று நினைத்து அலறுகிறது என்று 2007இல் காட்டினார்கள். அந்த எல்.எல்-37ஐயே எதிரியாக அடையாளம் காணும் டி செல்களும் நோயாளிகளிடம் கிடைத்தன. 17 வந்தால் தோல் செல் சி.சி.எல்20 என்ற அழைப்பை வெளியிடுகிறது, அது இன்னும் பல டி செல்களைக் கூட்டி வருகிறது. 2012இல் இன்னொரு அடி: சில குடும்பங்களில் கார்ட்14 என்ற ஒரே மரபணுவின் கோளாறே சொரியாசிஸுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த மரபணு பெரும்பாலும் வேலை செய்வது தோல் செல்லில். அங்கே முதல் சைரனை ஊதுவது தோலே.

இந்த மாதிரிக் கணக்கு எங்கள் ஆபீஸில் வரும். ஏ கம்பெனி பி-க்குக் கடன் கொடுத்திருக்கும், பி சி-க்கு, சி திரும்ப ஏ-வுக்கு. மூன்று லெட்ஜரும் தனித்தனியாகப் பார்த்தால் சுத்தம். பணம் எங்கே பிறந்தது என்று கேட்டால் மூவரும் பக்கத்து வீட்டைக் கை காட்டுவார்கள். தோலா, எதிர்ப்புச் சக்தியா என்ற வாதத்தில் நான் இப்போது இருப்பது அங்கேதான். பலருக்கு உத்தரவு கீழிருந்து கிளம்புகிறது, சிலருக்கு மேலிருந்து. கிளம்பிய பிறகு சுற்று ஒன்றுதான். சுற்றில் எந்த இடத்தில் அறுத்தாலும் வேகம் குறையும், அதனால்தான் இத்தனை விதமான மருந்தும் வேலை செய்கிறது. 1971இல் சொல்லிப் பிறகு கைவிட்ட சைக்ளிக் ஏ.எம்.பி கூட 2014இல் அப்ரமிலாஸ்ட் என்ற மாத்திரையாகத் திரும்பி வந்தது. அந்த மாத்திரை சைக்ளிக் ஏ.எம்.பியைச் சிதைக்கும் நொதியை அடைத்து அதன் அளவை உயர்த்துகிறது. இந்த முறை முக்கியக் குறி எதிர்ப்புச் செல்கள்.

என் பாட்டி பூசிவிட்ட வெட்பாலைத் தைலமும் இந்தச் சுற்றில் எங்கோ கை வைத்திருக்கலாம். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் எண்ணெய் கருஊதாவாகும். என் பள்ளிக்காலப் பொடுகுக்கு அவள் அதைத் தேய்த்துவிட, தலையணை உறையில் பட்ட கறை கடைசிவரை போகவில்லை. அந்த இலை அவுரி போலவே நீலச் சாயம் தருவது, அதில் இன்டிருபின் என்ற பொருள் உண்டு. சீன வைத்தியத்தில் சொரியாசிஸுக்குப் பூசும் அவுரிப் பொடியிலும் அதே இன்டிருபின்தான். அது தோல் செல்லில் ஏ.எச்.ஆர் என்ற ஏற்பியைத் தொடுகிறது. அதே ஏற்பியைத் தொடும் டாபினரோஃப் என்ற களிம்பு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதைச் சொன்னதும் எங்கள் வாட்ஸ்அப் குழு மாமாக்கள் 'நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் சொல்லவே தயங்கினேன். டாபினரோஃப் கிடைத்தது புழுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. அதன் முன்னோர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

மெத்தோட்ரெக்ஸேட்டில் எனக்குப் போன வருடம் தோல் நன்றாகவே தெளிந்தது. முழங்கையில் ஒரு மங்கிய நிழல் மட்டும். சித்தி மகளுக்கு போட்டோ அனுப்பினேன். "இப்ப வெட்டிப் பாத்தா மேல எல்லாம் சரியா இருக்கும்ணே. கீழ நாலஞ்சு பேர் உக்காந்திருப்பாங்க, அவங்க காலி பண்றதில்ல" என்று பதில் போட்டாள். படை தெளிந்த பிறகும் அந்த இடத்திலேயே குடியிருக்கும் நினைவு டி செல்களைச் சொல்கிறாள். தை மாதக் காற்றில் படை திரும்பியது. அதே முழங்கை, அதே ஓரம், கீழே ஒரு சின்ன வால் நீட்டிய அதே இலங்கை மேப்.

மேசையில் முழங்கை படுகிற இடத்தில் இப்போது ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். முடிவெட்டும் கடைக்கு எடுத்துப் போகிற அதே துண்டுதான். அக்கா பெருக்க வரும்போது எடுத்து வெளியே உதறிவிட்டு, மறுபடி மடித்து வைக்கிறார். ஒரு நாள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: அது ரஸ்க் இல்லக்கா, என் தோல்தான் உதிருது. அவர் துடைப்பத்தை நிறுத்தக்கூட இல்லை.

"ரஸ்க்குன்னா எறும்பு வந்திருக்கும்ல தம்பி. அப்பவே நெனச்சேன்."